தானப் பத்திரத்தின் கடைசிப் பத்தி

"அந்தப் பின்பக்க நிலம் சும்மாதானே கிடக்கு, வித்துடலாமே" என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நாங்கள் நடத்திவந்த முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் சேர்த்து அலுவலகப் பொறுப்பு என்னிடம் இருந்ததால், காகிதங்களைத் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் தானப் பத்திரத்தை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய காகிதம். நான்கு எல்லைகளையும் தாண்டி, கடைசிப் பத்தியில் ஒரு வரி: இந்த நிலமும் இதிலிருந்து வரும் வருமானமும் ஆதரவற்ற முதியோர் பராமரிப்புக்கே பயன்பட வேண்டும். விற்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் குழுவோ அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டடக் கடனை அடைக்க நினைத்திருந்தது. அந்த வரியை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஒரு நிலம் உபரியா இல்லையா என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சர்வேயருடன் முட்செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தேன். மூன்று எல்லைக்கற்கள் கிடைத்தன. நான்காவதைத் தேடும்போது காலில் ஒரு குழாய் தட்டியது. இல்லத்துக்குத் தண்ணீர் வரும் குழாய்! அப்படியே விற்றிருந்தால் நாளைக்குத் தண்ணீருக்கு வாங்கியவரிடம் போய் நின்றிருப்போம். குழாய் போகும் பட்டையையும் கிணற்றுப் பாதையையும் எங்களிடமே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் விற்பது என்று தீர்மானம் திருத்தப்பட்டது.

இதற்கிடையே குழு உறுப்பினர் ஒருவரின் உறவினர், ஒரே வாரத்தில் முழுப் பணமும் தருவதாகச் சொன்னார். பணமுடையில் இருக்கும் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. நான் பிடிவாதமாக மறுத்தேன். சொந்த நிலமென்றால் மனம்போல விற்கலாம்; தர்மத்துக்கு வந்த நிலத்தில் நாம் காவல்காரர்கள் மட்டுமே. எங்களோடு தொடர்பில்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களை வைத்தோம். இருவர் சொன்ன தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவர் விளைநிலமாகப் பார்த்திருக்கிறார், மற்றவர் வீட்டுமனையாக. நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற முடியுமா என்று விற்பதற்கு முன்பே விசாரிக்காவிட்டால், அந்த லாபம் முழுக்க வாங்குபவருக்குப் போய்விடும். அந்த விசாரணைக்கே பல மாதங்கள் பிடித்தன. பொறுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

பிறகு பொது அறிவிப்பு, குறைந்தபட்ச விலை, மூடிய உறைகள். உரிய அனுமதி இல்லாமல் கையெழுத்திட்டால் விற்பனையே செல்லாமல் போகக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்ததால் அதையும் முன்கூட்டியே வாங்கினோம். உறைகளைப் பிரித்த அன்று அந்த உறுப்பினர் தாமாகவே எழுந்து வெளியே போனார். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். வந்த 6 உறைகளில் அவருடைய உறவினரின் தொகை 4-வது இடத்தில் இருந்தது.

பணத்தைத் தனிக் கணக்கில் மூலதன நிதியாகப் போட்டோம். வட்டி மட்டும் முதியோர் இல்லச் செலவுக்கு. அடுத்த வருட வரவுசெலவுக் கூட்டத்தில், "அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சம்பளம் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். பேரேட்டைத் திறந்து முதல் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். தானப் பத்திரத்தின் அந்த வரியை அங்கே எழுதிவைத்திருந்தேன்.