அருகம்புல்லும் அகார் தட்டும்

அருகம்புல் சாறு கிருமிகளை அழிக்கும் என்று யாரேனும் சொன்னால், எந்தக் கிருமியை, எவ்வளவு செறிவில் என்று கேட்கவே எனக்குத் தோன்றுகிறது. ஆய்வகத்தில், நிழலில் உலர்த்திப் பொடித்த புல்லை நீரிலும் எத்தனால் என்னும் ஆல்கஹாலிலும் தனித்தனியே ஊறவைத்து வடிகட்டி, பாக்டீரியா பரப்பிய அகார் தட்டின் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) சிறு குழிகளில் இட்டு, 37 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்தபின், குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். எத்தனாலே கிருமியைக் கொல்லக்கூடியது என்பதால், வெறும் எத்தனால் இட்ட குழி ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு இல்லாத வெளிச்சவ்வு ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு இருப்பதால், தாவரச் சாறுகள் பலவற்றை ஈ.கோலை எளிதில் தாங்கிக்கொள்கிறது. தட்டில் தெரியும் வட்டம் உடலுக்குள் நடப்பதைக் காட்டாது. சாக்கடையோரம் பறித்த புல்லிலோ நோய்க்கிருமிகளே ஒட்டியிருக்கக்கூடும்.