செட்டராக ஆடிப் பார்த்த அனுபவம்

எந்த விளையாட்டானாலும் ஆள் குறைகிறது என்று அழைப்பு வந்துவிட்டால் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என் இயல்பு. கால்பந்து, ஓட்டம், இறகுப்பந்து என்று எதையும் விட்டு வைத்ததில்லை. மைதானத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்காமல் இருந்ததும் இல்லை. ஓயாத துடிப்பு, ஓயாத பேச்சு என்ற இந்த இரண்டுக்கும் ஒருசேர வேலை கொடுக்கும் இடம் எது என்று யோசித்தபோது, கைப்பந்து அணியில், தாக்குபவர் எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பதற்காகப் பந்தைத் தூக்கித் தரும் செட்டர் பொறுப்பு பொருத்தமாகத் தோன்றியது. இந்தப் பருவம் முழுவதும் அந்த இடத்தில்தான் ஆடி வருகிறேன். அதில் கைகூடியதையும் இன்னும் கூடாததையும் பதிவு செய்கிறேன்.

கைப்பந்து துடிப்பானவர்களுக்காக உருவான ஆட்டமே அல்ல என்பது வேடிக்கையான செய்தி. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் இதை வடிவமைத்தது, கூடைப்பந்தின் ஓட்டத்தையும் மோதலையும் தாங்க இயலாதவர்களுக்கு மிதமான ஒரு மாற்றாகத்தான். இன்றைய ஆட்டத்தில் தாக்குபவர்கள் எழும்பும் உயரத்தைப் பார்ப்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஆனால் ஒரு விதி மட்டும் கூட்டத்தை விரும்புபவர்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது: எதிரணி அடிக்கும் பந்தை வலையோரத்தில் கை உயர்த்தித் தடுக்கும்போது படுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒருவரே பந்தை அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது, மூன்று தொடுதல்களுக்குள் பந்து எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்ட இந்த ஆட்டத்தில் வழியில்லை.

செட்டருக்கு உரியது அந்த மூன்றில் நடுத் தொடுதல். எதிரணியின் சர்வீஸை யாரோ ஒருவர் முன்கைகளால் எடுத்துக் கொடுக்க, அது எங்கே வந்தாலும் அதன் அடியில் போய் நின்று, தாக்குபவருக்கு ஏற்றபடி தூக்கித் தர வேண்டும். ஓடிப் பழகிய கால்களுக்கு இது எளிதென்றே எவரும் நினைப்பார்கள். பந்தை எட்டுவது உண்மையிலேயே எளிதாகத்தான் இருந்தது. கால்பந்தில் கிடைத்த வேகம் இங்கே அப்படியே கை கொடுத்தது. பயிற்சி தேவைப்பட்டது நிற்பதற்குத்தான். ஓடிக்கொண்டே தூக்கினால் உடலின் வேகம் பந்துக்கும் ஏறி, அது வலையைத் தாண்டிவிடுகிறது அல்லது தாக்குபவரின் தலைக்குப் பின்னால் விழுகிறது. ஆகவே, முதல் தொடுதல் நிகழும்போதே பந்தின் போக்கைக் கணித்துக் கிளம்பி, அது கைக்கு வருவதற்கு ஒரு நொடி முன்பாவது இரண்டு பாதங்களையும் ஊன்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வலது கால் சற்று முன்னால் இருக்க, தோள்கள் பந்தை அனுப்ப வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். சுறுசுறுப்பு என்பது சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு மட்டுமே. சேர்ந்த பிறகு அது இடைஞ்சல் என்பதே என் முடிவு.

விரல் வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன். மல்லாந்து படுத்து, நெற்றிக்கு நேர் மேலே பந்தைத் தூக்கித் தூக்கிப் பிடிப்பதில் தொடங்கி, பிறகு சுவரை நோக்கித் தொடர்ச்சியாக அனுப்புவதற்கு மாறினேன். கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் முக்கோணமாக அமைய, பந்து விரல்களின் உட்பக்கத்தில் மட்டும் பட வேண்டும். உள்ளங்கையில் பட்டால் 'டப்' என்று சத்தம் வரும். சரியாகத் தொட்ட பந்து ஏறக்குறைய ஓசையே இல்லாமல் எழும்புகிறது, அதன் மேலுள்ள தையல் கோடுகள் சுழலாமல் தெளிவாகத் தெரிகின்றன. பந்து சுழன்றால் இரு கைகளும் ஒரே நேரத்தில் படவில்லை என்று பொருள். சர்வீஸை எடுப்பவருக்கு ஒரே அசைவில் இருமுறை பட்டாலும் விதி விலக்களிக்கிறது. தூக்கித் தருபவருக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடைப்பதில்லை என்பதால், சுழற்சியைக் கவனிப்பதே எனக்குப் பயிற்சியாளர்.

இனி பேச்சு. ஒரு பக்க ஆடுகளம் 9 மீட்டர் சதுரம். அதை ஆறு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கு 13.5 சதுர மீட்டர்தான் வரும். அப்படி இருந்தும் இருவருக்கு நடுவே பந்து விழுந்து, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சி எந்த அணியிலும் உண்டு. இதற்கு மருந்து குரல்தான். ஆனால் பேசிக்கொண்டே இருப்பது வேறு, பயன்படும்படி குரல் கொடுப்பது வேறு. 'நான்', 'விடு', 'வெளியே' என்ற மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, பந்து வலையைக் கடப்பதற்குள் அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். நீண்ட பேச்சையெல்லாம் புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். அங்கேதான் பழகும் குணம் பலனளித்தது: ஒருவருக்கு ஓரக் கம்பத்தை ஒட்டி உயரமாகப் பந்து வேண்டும், இன்னொருவருக்கு வலைக்கு மேல் ஒரு சாண் எழும்பினாலே போதும், வேறொருவர் இரண்டு முறை தடுக்கப்பட்டால் அடுத்த பந்தைக் கேட்கவே தயங்குவார். கேட்காதவருக்கும் பந்து போக வேண்டும் என்பதை விசாரித்தும் முகம் பார்த்தும்தான் அறிய முடிகிறது. பயிற்சி அட்டவணையில் இதற்கு இடமில்லை.

முன்பக்கமாக உயர்த்தித் தருவது இப்போது நம்பிக்கையாக வருகிறது. சற்றே விலகி வரும் முதல் பந்தையும் பெரும்பாலும் தாக்கக்கூடியதாக மாற்ற முடிகிறது. முதுகுக்குப் பின்னால் தருவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை; இடுப்பு முன்னதாகவே வளைந்துவிடுவதால், எதிரணியின் தடுப்பாளர் திசையை ஊகித்து அங்கே போய் நின்றுவிடுகிறார். முன்னாலும் பின்னாலும் தருவதற்கு ஒரே நிலையில் நின்று பழகி, கடைசி நொடியில் மணிக்கட்டும் முதுகும் மட்டும் திசையைத் தீர்மானிக்கும்படி செய்வதே அடுத்த வேலை. அதற்காக ஒரு நண்பர் எதிரே நின்று, பந்து என் கையைத் தொடும் முன்பே திசையைச் சொல்லும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு அவரே ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.