ஜிபிஎஸ் ஆன்டெனா ஒப்பீடு: நாட்குறிப்பு

ஜனவரி 6
கையில் இருக்கும் ஹெலிகல் (சுருள் வடிவ) ஆன்டெனாவையும் புதிதாக வந்த 25 மி.மீ. செராமிக் பேட்ச் என்ற தட்டையான ஆன்டெனாவையும் ஒப்பிடத் தொடங்கியாயிற்று. எத்தனை செயற்கைக்கோள்கள் சிக்கின என்பதை நான் பார்ப்பதில்லை. வானம் திறந்திருந்தால் சுமாரான ஆன்டெனாவும் நிறையக் கோள்களைக் காட்டிவிடும். எனக்கு வேண்டியது ஒவ்வொரு கோளின் சி/என் ஜீரோ, அதாவது இரைச்சலுக்கு மேல் அதன் சிக்னல் எவ்வளவு வலுவாக நிற்கிறது என்ற அளவு. ரிசீவர் அனுப்பும் ஜிஎஸ்வி என்ற தகவல் வரியில் கோளின் எண், ஏற்றக்கோணம் (அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்பது), திசைக்கோணம் ஆகியவற்றோடு அதுவும் வருகிறது. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் எல்1 சிக்னல் (ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலை) தரையில் குறைந்தது மைனஸ் 128.5 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) இருக்க வேண்டும் என்பது விதி. வெப்ப இரைச்சலோ ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174. இடைவெளி 45.5 டெசிபல். திரையில் 45 வந்தால் மனம் குளிர்வது அதனால்தான்.

ஜனவரி 7
நேற்று காலை 8:00 மணிக்குத் தொடங்கிய பதிவை இன்று 7:56-க்குத் தொடங்கினேன். கோள்கள் ஒரு சுற்றை 11 மணி 58 நிமிடத்தில் முடிக்கின்றன; எனவே ஒவ்வொரு நாளும் அதே வானம் சுமார் நான்கு நிமிடம் முந்தி வந்து நிற்கும். இதைக் கவனிக்காமல் செய்யும் ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

ஜனவரி 8
மழை. ஈரம் பட்டால் பேட்சின் ஒத்ததிர்வு, அதாவது அது நன்றாக வாங்கும் அலைவரிசை, நகர்ந்துவிடும். பதிவு இல்லை.

ஜனவரி 10
பேட்சை வெறுமனே வைத்தால் பரிதாபமாக இருக்கிறது. அடியில் 7 செ.மீ. சதுர உலோகத் தகடு வைத்ததும் தலைக்கு மேலே நின்ற கோள்கள் 4 டெசிபல் வரை ஏறின. தகடும் ஆன்டெனாவில் ஒரு பாகம்தான். அது இல்லாமல் செராமிக் 1575.42 மெகாஹெர்ட்ஸில் சரியாக நிற்பதே இல்லை.

ஜனவரி 12
ஆன்டெனாவோடு வரும் சிக்னல் பெருக்கியை '28 டெசிபல் பெருக்கம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். பெருக்கி சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே தூக்குகிறது. முதல் கட்டம் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது, அதற்கு முன்னால் எவ்வளவு இழப்பு என்பதே கேள்வி. பெருக்கிக்குப் பிறகு 5 மீட்டர் ஆர்ஜி-174 கேபிள் சேர்த்துப் பார்த்தேன். மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் விழுங்கும் கேபிள் அது. ஆனாலும் சி/என் ஜீரோ அசையவே இல்லை. இதே கேபிள் பெருக்கிக்கு முன்னால் இருந்திருந்தால் ஒவ்வொரு டெசிபலும் அப்படியே பறிபோயிருக்கும்.

ஜனவரி 15
இரண்டு ஆன்டெனாக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பதிவு. பாதியில் ரிசீவர்களை இடம் மாற்றினேன். ரிசீவரின் குணம் ஆன்டெனாவின் கணக்கில் ஏறக் கூடாது. மொத்த சராசரி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அந்த எண்ணோடு நிறுத்தினால் முக்கியமான விஷயமே மறைந்துவிடும். ஏற்றக்கோணப்படி பிரித்ததும் படம் தெளிந்தது: 60 பாகைக்கு மேலே பேட்ச் முந்துகிறது, 25-க்குக் கீழே ஹெலிகல் 2 டெசிபல் முன்னால். சுவர்ப் பக்கத்துத் தாழ்ந்த கோள்களில் மட்டும் இரண்டுமே மெதுவாக ஏறி இறங்குகின்றன. நேராக வரும் அலையோடு சுவரில் பட்டுத் திரும்பும் அலை கலக்கும்போது அப்படித்தான் ஆகும். வலப்பக்கமாகச் சுழன்று வரும் ஜிபிஎஸ் அலை (வலச்சுழல்) சுவரில் பட்டு இடச்சுழலாகத் திரும்புகிறது. அதை எந்த அளவுக்கு ஒதுக்குகிறது என்பதில்தான் நல்ல ஆன்டெனாவின் தரம் தெரியும்.

ஓரிடத்தில் நிலையாக வைக்க பேட்ச், சாய்ந்து திரும்பும் கருவிக்கு ஹெலிகல் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்து 15 செ.மீ. தகடு.