பாகல் பந்தலில் மஞ்சள் தேமல்

கொடிகள் பந்தலைத் தொட்டுப் படரும் நேரத்தில் சில செடிகளின் கொழுந்து சுருங்கியது. இலை சிறுத்து, ஓரம் மடங்கி, பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. பார்த்தவர்களில் பாதிப்பேர் சத்துக்குறை என்றார்கள், நுண்ணூட்டம் தெளிக்கச் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. மக்னீசியம் குறைந்தால் மஞ்சள் அடி இலையில் தொடங்கும். நரம்பு பச்சையாகவே நிற்கும். இங்கே கொழுந்தில்தான் கோளாறு. ஒரு செடி முடங்கிக் கிடக்க, அடுத்த குழிச் செடி செழித்து நின்றது. இலையைத் தட்டியதும் வெள்ளை ஈக்கள் மாவு தூவினாற்போல் எழுந்து, மறுபடி அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டன. சந்தேகம் தீர்ந்தது: இது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் என்னும் வைரஸ் நோய்.

செடிக்குள் புகுந்த வைரஸை விரட்ட மருந்து கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் பூஞ்சாணக்கொல்லி அடிப்பவர்கள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நோய்ச் செடியைப் பிடுங்க வேண்டும், பரப்பும் பூச்சியைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிடுங்குவதுதான் பெரும்பாடு. கொடி பற்றி ஏறும் சுருள்களான பற்றுக்கம்பிகள் பக்கத்துக் கொடிகளோடு பின்னிக் கிடக்கும். வெடுக்கென்று இழுத்தால் ஈக்கள் கலைந்து நல்ல செடியில் போய் உட்காரும். முதல் நாள் மாலை வேப்பெண்ணெய் தெளித்துவிட்டு, ஈக்கள் மந்தமாக இருக்கும் விடியற்காலையில் இறங்கினேன். கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி அங்கேயே சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, வெளியே கொண்டுபோய் எரித்தேன். பிஞ்சு பிடித்த கொடியை வெட்ட மனம் வரவில்லைதான். ஆனால் அந்தப் பிஞ்சுகள் கோணி, புடைத்து, விரல் நீளத்திலேயே நின்றுவிட்டன. அவற்றை யார் வாங்குவார்கள்?

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசலோடு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. கடும் பூச்சிக்கொல்லியை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது.

அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் தேமல் வேறு ரகம். அந்தப் பூச்சி சில விநாடிகள் இலையை உறிஞ்சினாலே வைரஸ் இறங்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் அடுத்த பட்டத்தில் பாகலுக்கு முன்பே வயலைச் சுற்றி, பூச்சியைத் தடுக்கும் வேலியாக, மக்காச்சோளத்தை நெருக்கமாக விதைத்தேன். வெள்ளி நிற நிலப்போர்வையும் விரித்தேன். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இந்தப் பூச்சிகளுக்கு ஆகாது. இளஞ்செடியில் நோய் தாக்கினால் இழப்பு அதிகம் என்பதால், நாற்றைப் பூச்சி நுழையாத வலைக்குள் வளர்த்தேன். பக்கத்தில் காய்த்து ஓய்ந்த பூசணிக் கொடிகளையும் வரப்புக் களைகளையும் முதலிலேயே அழித்தேன். அவைதாம் வைரஸ் தங்கும் இடம்.

அந்தப் பட்டத்தில் நோய் அறவே இல்லாமல் போகவில்லை. காய்ப்பு ஓயும் தறுவாயில் ஓரத்துக் கொடிகள் மஞ்சளாயின; அதற்குள் நல்ல காய்களைப் பறித்து முடித்திருந்தேன். கடைசிக் காய்களுக்காகக் காத்திராமல் பந்தலைக் காலி செய்தேன். விதைக்கென்று விட்ட பழங்கள் நோய் காணாத நடுவரிசைக் கொடிகளில் பழுத்தவை.