காணாமல் போன நட்சத்திரக் குறி
ஃபைல் பெயர் ஒரு பேட்டர்னோடு பொருந்துகிறதா என்று பார்க்கிற, சி மொழியின் எஃப்என்மேட்ச் (fnmatch) ஃபங்ஷனின் விளக்கப் பக்கத்தை ரெண்டு நாளாகப் பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பக்கத்தின் வடிவம் மட்டும்தான், ஆனால் அது சின்ன வேலை இல்லை. பேட்டர்னில் நட்சத்திரக் குறி என்றால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்று பொருள். ஆனால் '*தாமிரபரணி*' என்று பேட்டர்ன் எழுதினால், பக்கத்தை வடிவமைக்கிற மார்க்டவுன் ரெண்டு நட்சத்திரத்தையும் விழுங்கிவிட்டு எழுத்தைச் சாய்த்துவிடும். அதைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடுகிற பிள்ளைக்கு 'தாமிரபரணி' என்றே பெயர் வைத்த ஃபைல் மட்டும்தான் சிக்கும், 'தாமிரபரணி-வெள்ளம்.ஜேபிஜி' சிக்காது, எங்கே தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். இப்போது எல்லாப் பேட்டர்னும் நட்சத்திரத்தை விழுங்காத கோட் எழுத்தில் நிற்கிறது. அப்புறம், பொருந்தினால் 0 திருப்பித் தரும் என்ற வரி பத்திக்குள் புதைந்து கிடந்தது, மேலே தனியாக வைத்துவிட்டேன். ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்லுங்க மக்கா.