ரூயிஸ்டாலின் மணல்மேட்டைத் தேடி

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் உண்மையில் ஓர் ஏரியின் அடியில் இறங்குகிறார்கள். ஹார்லெம் ஏரி என்று அழைக்கப்பட்ட அந்தப் பெரும் நீர்ப்பரப்பை நீராவி எந்திரங்களால் இறைத்து இறைத்து 1852இல் வற்றச் செய்தார்கள்; ஓடுபாதைகள் இன்றும் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேதான் கிடக்கின்றன. அதற்கும் 240 ஆண்டுகளுக்கு முன்பு, 1612இல், ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் போட்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளைச் சுழலவிட்டு, பேம்ஸ்டர் என்ற ஏரியை வயலாக்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் சாதாரண நிலத்தையே தனியொரு பாடுபொருளாக்கிப் பல்லாயிரக்கணக்கில் ஓவியம் தீட்டிய முதல் தலைமுறை, அதாவது 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தின் ஓவியர் தலைமுறை, தான் நிற்கும் மண் எப்படி உண்டானது என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை. என் பயணத்தின் நோக்கம் அந்த ஓவியங்களை, முக்கியமாக ஹார்லெமின் யாகோப் வான் ரூயிஸ்டால் வரைந்தவற்றை, பார்ப்பதும், அவை காட்டும் இடங்களில் முடிந்தவரை போய் நிற்பதும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையும் நீரும் மட்டுமே நிறைந்த ஓவியம் சீனத்தில் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உயர்ந்த கலையாகியிருந்தது. ஐரோப்பாவிலோ நிலம் நெடுங்காலம் புனிதர்களுக்குப் பின்னால் தொங்கிய திரையாகவே இருந்தது. ஆண்ட்வெர்ப் நகரின் யோகிம் பாட்டினிர், புனிதர்களைச் சிறிதாக்கிப் பாறைகளையும் ஆறுகளையும் பெரிதாக்கினார். 1521இல் அவரைச் சந்தித்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், தன் குறிப்பேட்டில் அவரை நல்ல நிலக்காட்சி ஓவியர் என்றே குறித்துவைத்தார். ஆனாலும் பாட்டினிரின் உலகம் பறவை பார்க்கும் உலகம்: தொடுவானம் படத்தின் உச்சிக்கு அருகில் இருக்க, பழுப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளாக நிலம் விலகிச் செல்லும்.

அந்தத் தொடுவானம் கீழே இறங்கிய கதையை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ஒரே தளத்தில் நடந்து பார்த்துவிடலாம். ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் 1608ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த பனிக்காலக் காட்சியில், உறைந்த நீரின் மேல் ஊரே சறுக்கி விளையாடுகிறது. ஒருவர் விழுகிறார், ஒரு நாய் செத்த விலங்கைத் தின்கிறது, இடப்புறம் ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்துப் பறவைக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். ஆயினும் நாம் ஏதோ மாடியில் நின்று பார்க்கிறோம்; வானத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் குறைவு. அங்கிருந்து எசையாஸ் வான் டி வெல்ட 1622இல் வரைந்த படகுத்துறை ஓவியத்துக்கு வந்தால், மாடியிலிருந்து தரைக்கு வந்துவிட்டோம் என்பது உடனே தெரிகிறது. கால்நடைகளை ஏற்றிய படகு நம் கண்மட்டத்திலேயே ஆற்றைக் கடக்கிறது. பதினான்கே ஆண்டுகளில் நடந்த இந்த இறக்கத்தை நான் வேறு எந்தப் பாணி மாற்றத்தையும்விடப் பெரிதாகக் கருதுகிறேன்.

இந்த இறக்கத்துக்கான ஒத்திகை காகிதத்தில், ஹார்லெம் நகரின் சுற்றுப்புறத்தில் நடந்தது. ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1603இல் அந்த ஊருக்கு வெளியே மணல்மேடுகளில் நின்று, கதையோ புனிதரோ இல்லாத வெறும் வயல்வெளியைப் பேனாவால் வரைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் அதே சுற்றுப்புறத்தின் இனிய இடங்களை அச்சோவியத் தொகுப்பாக வெளியிட்டபோது, நெடுந்தூரம் போக நேரமில்லாத ரசிகர்களுக்கு என்ற பொருள்படத் தலைப்புப் பக்கத்தில் எழுதினார். பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த விளம்பரத்தின் மீது சற்றுப் பொறாமை உண்டு. வாங்க ஆள் இருந்ததால்தான் அது அச்சாகியது. 1566இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள் தேவாலயச் சிலைகளையும் படங்களையும் உடைத்து நொறுக்கியதற்குப் பிறகு, பலிபீடத்துக்கு ஓவியம் கேட்கும் பெரிய வாடிக்கையாளர் இல்லாமல் போனார். அந்த இடத்தை வணிகர்களும் கைவினைஞர்களும் நிரப்பினார்கள். 1640இல் ஆம்ஸ்டர்டாம் வந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், கொல்லர்களும் செருப்புத் தைப்பவர்களும்கூடத் தங்கள் உலைக்களத்திலும் கடையிலும் ஏதாவது ஒரு படம் மாட்டியிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

செருப்புத் தைப்பவர் வாங்கக்கூடிய படம் விலை குறைவாக இருக்க வேண்டும்; விலை குறைய வேண்டுமானால் விரைவாக வரைய வேண்டும். யான் வான் கோயன் இதற்குக் கண்ட வழி, ஒரு வணிக உத்தியாகத் தொடங்கி, கலையில் ஒரு புதிய பாணியாகவே முடிந்தது. பல வண்ணங்களைக் கைவிட்டு, பழுப்பு, மங்கிய மஞ்சள், சாம்பல் என்ற சிறிய வட்டத்துக்குள் நின்று, ஈரத்தின் மேலேயே ஈரமாக, மெல்லிய பூச்சாக அவர் வரைந்தார். பலகையின் அடிப்பூச்சு பல இடங்களில் அப்படியே தெரியும். அதுவே மணலாகவும் சேற்றுநீராகவும் மாறிவிடும். ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள அவரது இரண்டு ஓக் மரங்களின் ஓவியம் 1641ஐச் சேர்ந்தது. முறுக்கிக்கொண்ட இரண்டு மரங்கள், அடியில் இளைப்பாறும் இரு மனிதர், சற்றே விலகும் மேகம் என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. இருந்தும் அந்த அறையில் மற்ற படங்களைவிட அதன் முன்பே அதிக நேரம் நின்றேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்து விற்ற இவர், துலிப் கிழங்குகளிலும் நிலத்திலும் பணத்தைப் போட்டு இழந்து, 1656இல் தி ஹேக் நகரில் கடனாளியாக இறந்தார்.

தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் கூட்டம் முழுவதும் ஓவியர் வெர்மீர் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் முன்னால் நிற்கும். நிலக்காட்சி தேடி வந்தவருக்கு இது பெரிய வசதி. யாகோப் வான் ரூயிஸ்டால் 1670களின் முற்பகுதியில் வரைந்த, வெளுப்புக்களங்களோடு கூடிய ஹார்லெம் காட்சி அங்கே இருக்கிறது. உயரம் 55.5 சென்டிமீட்டர், அகலம் 62. ஒரு மடக்கு மேசையைவிடச் சிறியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே எஞ்சியிருக்கும் குறுகிய பட்டைக்குள் ஒரு நகரம், அதன் காற்றாலைகள், மரக்கூட்டம், பண்ணை வீடுகள், தரையில் நீளநீளமாக விரித்திருக்கும் வெள்ளைத் துணிகள், அவற்றை விரிக்கும் எறும்பளவு மனிதர் என்று அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

இந்தத் துணிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹார்லெமின் லினன் வெளுப்புத் தொழில் அன்று ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றிருந்தது. மணல்மேடுகளின் வழியே வடிந்து வரும் தெளிந்த நீரும், மோரின் புளிப்பும், வெயிலும் சேர்ந்து பழுப்பு நூல்துணியைப் பல வாரங்களில் வெண்மையாக்கின. ஆகவே ஓவியத்தின் அந்த வெள்ளைப் பட்டைகள் ஊரின் வருமானம். ஆனால் ரூயிஸ்டால் அவற்றைக் கொண்டு வேறொரு வேலையையும் செய்து முடித்திருக்கிறார்: மேகத்தின் இடைவெளி வழியே விழும் ஒளி எங்கே விழ வேண்டும் என்று அவர் விரும்பினாரோ அங்கே துணி இருக்கிறது. முன்னால் இருண்ட மேடு, அடுத்து ஒளிரும் களம், மறுபடியும் நிழல், மறுபடியும் ஒளி என்று நிலத்தை மடித்து மடித்துக் கண்ணைத் தொடுவானம் வரை கொண்டுபோய், அங்கே செயிண்ட் பாவோ தேவாலயத்தில் நிறுத்துகிறார். மேகங்களும் அதே ஒழுங்கில், அருகில் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பார்த்ததை அப்படியே வரைந்த படம் போலத் தோன்றும் இது, ஒரு கட்டடத்தைப் போலக் கணக்காக எழுப்பப்பட்டது.

ஹார்லெமிலிருந்து அடுத்த ரயில் நிறுத்தமான ஓவர்வேனில் இறங்கி மணல்மேடுகளை நோக்கி நடந்தேன். வெளுப்புக்களங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. அந்த இடங்களில் தோட்டமுள்ள பெரிய வீடுகள் நிற்கின்றன. அருகிலுள்ள புளூமெண்டாலின் மேட்டில் ஏறினால் நகரம் தெரிகிறது, தேவாலயமும் தெரிகிறது. ஆனால் மரங்கள் பாதியை மறைக்க, என் கண்ணுக்கு அது ஓவியத்தில் இருப்பதைவிடச் சிறிதாகவே பட்டது. ஓவியர் தன் பார்வைப் புள்ளியை எந்த மேடும் தராத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அங்கே நின்றபோது உறுதிப்பட்டது. வானம் மட்டும் ஓவியத்தில் உள்ளபடியே இருந்தது. மேற்கிலிருந்து கடற்காற்று மேகங்களைத் தள்ளிக்கொண்டே இருந்ததால், கீழே வயல்களில் ஒளியும் நிழலும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. நகரின் மேல் வெயில் விழுந்து முடிவதற்குள் புகைப்படக் கருவியை எடுக்க எனக்கு நேரம் போதவில்லை.

அவர் உயரம் கூட்டுவதில் தயக்கமில்லாதவர் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. ஜெர்மன் எல்லைக்கு அப்பால் ஒரு தாழ்ந்த குன்றின் மேல் இருக்கும் பெந்தைம் கோட்டையை அவர் பலமுறை வரைந்தார். ஒரு படத்தில் அது காடடர்ந்த பெரும் மலையுச்சிக்கே ஏறிவிட்டது. ஆலர்ட் வான் எவர்டிங்கன் 1644இல் ஸ்காண்டிநேவியா போய்வந்து அருவிகளை வரையத் தொடங்கியபோது, அந்தப் பக்கம் போயே இராத ரூயிஸ்டாலும் அருவிகளை வரைந்தார், அவரைவிடச் சிறப்பாகவே வரைந்தார். ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள அவரது புகழ்பெற்ற காற்றாலை நின்ற ஊர் வெய்க் பை டூர்ஸ்டேட. அந்த ஆலை இன்று இல்லை. ஊரில் இன்னும் நிற்கும் வேறொரு ஆலையைப் பலர் அதுவென்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். 1682இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்த ரூயிஸ்டாலை ஹார்லெமுக்குக் கொண்டுவந்து, தன் ஓவியங்களில் அவர் தொடுவானத்தில் நிறுத்திய அதே செயிண்ட் பாவோவிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின்வந்தவர்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் ரூயிஸ்டாலைப் படியெடுத்து வரைந்தே கற்றார். பிரான்சின் பார்பிசான் கிராமத்து ஓவியர்கள் பழைய ஹாலந்து ஓவியர்களைப் பார்த்துக் காட்டுக்குள் போனார்கள். அந்த பார்பிசான் ஓவியங்களை வாங்கிச் சேர்த்த தி ஹேக் ஓவியர் ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக், 1881இல் ஸ்கெவனிங்கன் கடற்கரையைச் சுமார் 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் கொண்ட வட்ட ஓவியமாகத் தன் மனைவியோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து முடித்தார். ஒரு மணல்மேட்டின் உச்சியில் கண்ணாடி உருளை ஒன்றை வைத்து, அதனுள் நின்று, தெரிந்த காட்சியைக் கண்ணாடி மேலேயே கோடிட்டுப் பிறகு பெரிதாக்கினார்கள். தி ஹேக்கில் அந்த ஓவியம் இருக்கும் கட்டடத்தின் இருண்ட படிக்கட்டில் ஏறி நடுமேடைக்கு வந்தால் நாலாபுறமும் கடலும் படகுகளும் ஊரும் சூழ்ந்துகொள்கின்றன. ஓவியத்தின் கீழ்விளிம்பை உண்மையான மணலைக் கொட்டி மறைத்திருப்பதால் எங்கே மணல் முடிந்து வண்ணம் தொடங்குகிறது என்று சொல்வது கடினம். கண்ணை ஏமாற்றுவதில் இதற்கு இணை கிடையாது. ஆயினும் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன், மவுரிட்ஸ்ஹவுஸின் அந்தச் சிறிய கித்தானிடம் அப்படி முடிக்க இயலவில்லை. எதை எங்கே வைப்பது என்ற முடிவைக் கண்ணாடி உருளையிடம் விட்டுவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வழியில் போக விரும்புகிறவர்கள் தி ஹேக்கின் 1ஆம் எண் ட்ராமைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதன் ஒரு முனைப்பக்கம் மெஸ்டாகின் கடற்கரை, மறுமுனைப்பக்கம் டெல்ஃப்ட் நகரம். வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டி வரைந்த டெல்ஃப்ட் காட்சியின் துறைமுகக் குளம் அங்கே இன்னும் இருக்கிறது. நகர வாயில்களை மட்டும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். அந்த வாயிற்கோபுரங்களின் நீர்நிழலை அவர் முதலில் குட்டையாக வரைந்து, பிறகு கரை வரை நீட்டினார் என்று எக்ஸ்ரே ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே மவுரிட்ஸ்ஹவுஸில் ஓவியத்தைப் பார்த்த பிறகு போவதே நல்லது.