அடிபடாத காலை முதலில் பிடியுங்கள்: பிபிடி ஆர்த்தோ அரியரை முடித்தவனின் அனுபவம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பிபிடி என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பில் எலும்பு, மூட்டுப் பாடமான ஆர்த்தோ பாஸ். மற்ற பாடங்களை எல்லாம் முதல் தடவையிலேயே முடித்திருந்தேன். இந்த ஒன்றுக்காக ஆறு மாதம் காத்திருந்தேன். கூடப் படித்தவர்கள் இன்டர்ன்ஷிப்பில் இருக்க, நான் மேலூர் பஸ்ஸில் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கும் ஊருக்குமாக அலைந்தேன். அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு முட்டியால்தான். எங்கள் பக்கம் பொங்கல் என்றால் கபடிதான். நான் பத்தாவது படிக்கும்போது, பெரியப்பா மகன் ரெய்டு போய்விட்டுத் திரும்புகையில் கால் திருகி விழுந்தார். உள்ளே ‘டப்’பென்று கேட்டதாம். ஒரு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. சுளுக்கு என்று சொல்லி மூன்று நாள் எண்ணெய் போட்டு வழித்தார்கள். ஜவ்வு அறுந்திருக்கிறது என்று தெரியவர ஒரு வருடம் ஆனது. அண்ணன் அதற்குப் பிறகு கோட்டுக்குள் இறங்கவில்லை. சத்தம், உடனே வீக்கம், இந்த இரண்டும் சேர்ந்தாலே முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்கிற ஜவ்வு அறுந்ததாகச் சந்தேகிக்க வேண்டும் என்று இறுதியாண்டு வகுப்பில் சொன்னபோது என்னால் நோட்டில் எழுத முடியவில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். முதல் தடவை செய்முறைத் தேர்வில் எனக்கு லாங் கேஸாக, அதாவது முழுதாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளியாக, வந்ததும் முட்டிதான். வாலிபால் ஆடும் பையன், அடிபட்டுச் சில வாரம் ஆகியிருந்தது. தெரிந்த கேஸ் என்கிற வேகத்தில் நேராக வலிக்கிற வலது காலைப் பிடித்து, ஏசிஎல்லைப் பார்க்கும் லாக்மேன் சோதனையைச் செய்தேன். 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை நிறுத்தி, மறு கையால் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பை முன்னால் இழுத்தேன். பையன் பயத்தில் காலை இறுக்கிக்கொண்டான். கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. “பாசிட்டிவ் மேடம்” என்றேன் தேர்வாளரிடம்.

“இவருக்கு இயல்பாவே இவ்வளவு ஆடுமா, அடிபட்டதால ஆடுதா? எதை வச்சுச் சொல்றீங்க?”

என்னிடம் பதில் இல்லை. இடது காலை நான் தொடவே இல்லை. அதற்கப்புறம் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆறு மாதத்தில் இதன் காரணம் எனக்குக் கையில் புரிந்தது. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு, ஓட வரும் பையன்களின் முட்டியைத் தினம் ஐந்து பேருக்குப் பார்த்தேன். நீளம் தாண்டும் ஒரு பையனுக்கு எலும்பு தாராளமாக முன்னால் வந்தது. கிழிந்தேவிட்டது என்று எனக்கு வியர்த்துவிட்டது. மற்ற காலைப் பார்த்தால் அதுவும் அதே அளவு. அவனுக்கு அடிபட்டதே கிடையாது, பிறவியிலேயே தளர்ந்த மூட்டு. இரண்டு காலிலும் இழுவையின் முடிவில் கயிறு விறைத்த மாதிரி ‘டக்’கென்று நின்றது. அறுந்த ஜவ்வில் அந்த நிறுத்தம் இருக்காது, கொழகொழவென்று போகும். இன்னொரு லாபமும் உண்டு. நல்ல காலில் முதலில் செய்து காட்டினால் என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்குத் தெரிந்துவிடும், தசையைத் தளர்த்திக் கொடுப்பார். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் கிழிந்த ஜவ்வுகூட நன்றாக இருக்கிற மாதிரி காட்டும். முட்டியை 90 டிகிரி மடக்கி இதேபோல் இழுத்துப் பார்க்கும் ஆன்டீரியர் டிராயர் சோதனை புது அடியில் ஏமாற்றுவதற்கும் அது ஒரு காரணம்.

மற்றவை சுருக்கமாக:

- முதலாண்டில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்கிற கைக்குப் போகும் நரம்புப் பின்னலின் படத்தை, சி5 முதல் டி1 நரம்பு வேர் வரை, புத்தகம் பார்க்காமல் வரையப் பழகுங்கள். நியூரோ வரைக்கும் கூடவே வரும்.
- எலக்ட்ரோவில், அதாவது கருவி வைத்துச் செய்யும் சிகிச்சைப் பாடத்தில், எண்கள் தடுமாறக் கூடாது. ஆழமாகச் சூடு கொடுக்கும் எஸ்டபிள்யுடி (ஷார்ட்வேவ் டயதெர்மி) 27.12 மெகாஹெர்ட்ஸ். அல்ட்ராசவுண்ட் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 3 மேலாக. எங்கெல்லாம் வைக்கக் கூடாது என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கரை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிப் பயனில்லை.
- தசையின் பலத்தைக் கையால் சோதிக்கும் எம்எம்டியில் கிரேடு 3 புவியீர்ப்புக்கு எதிராக, 2 அதை விலக்கி. ஆளின் படுக்கை நிலையை மாற்றாமல் வாயால் மட்டும் கிரேடு சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.
- முட்டிக்கு, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் நடுப்புள்ளி தொடை எலும்பின் கீழ்முனையில் வெளிப்பக்கப் புடைப்பான எபிகான்டைலில். கருவியின் ஒரு கை தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பான கிரேட்டர் ட்ரோகான்டரை நோக்கி, இன்னொன்று வெளிக் கணுக்காலை நோக்கி. உடையின் மேல் வைத்து அளக்காதீர்கள்.
- கணுக்கால் கேஸ் என்றால், எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்யும் ஒட்டாவா விதி. நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

எனக்குத் தொட்டால்தான் மனதில் நிற்கும். தனியாக அறையில் உட்கார்ந்து படித்து வந்த மார்க் எல்லாம் எனக்குத் தியரியோடு முடிந்துவிட்டது. ஆகவே ரூம்மேட்டின் முட்டியைக் கேட்டு வாங்குங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

ஜூனியர்கள் அடிக்கடி கேட்பது: அமெரிக்கா போய் அத்லெட்டிக் டிரெய்னிங்கை (விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் படிப்பு) இளங்கலையாகப் படிக்கலாமா? 2022க்குப் பிறகு அங்கே அந்தத் தொழிலுக்கான இளங்கலைப் படிப்பில் புதுச் சேர்க்கை இல்லை, முதுகலைதான் வழி. இங்கே இருப்பவர்களுக்கு பிபிடி, அப்புறம் முதுகலையான எம்பிடி ஸ்போர்ட்ஸ். நானும் அதைத்தான் நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை எனக்கு வந்தவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர். மறுபடியும் வலது முட்டி. நான் இடது காலுக்கு அடியில் கை கொடுத்தேன்.

“தம்பி, வலி அந்தப் பக்கம்.”

“தெரியும்ணே. இதைப் பார்த்துட்டு அதுக்கு வர்றேன். காலை லேசா விடுங்க.”

அவர் விட்டார். வலது காலுக்கு மாறியபோதும் இறுக்கவில்லை.